வளையல் ஏறாத கை

ஈப்போவிலிருந்து காம்பாருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அவர் பாட்டுக்கு ஜன்னல் வழியாக ஈயக்குட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார், ஆனாலும் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. கணுக்கால் செருப்பு வாரைத் தாண்டிப் பிதுங்கியிருந்தது. டிக்கெட் கொடுக்க வந்தவரிடம் ஊர் பெயரைச் சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு நான் வேறெதையும் பார்க்கவில்லை. இவர் இந்த பஸ்ஸில் சாய்ந்துவிட்டால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற நினைப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். கோப்பெங் வந்ததும் அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் வீடு போய்ச் சேர்ந்து வெகுநேரம் ஆகியும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

அப்போது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் ஈப்போவில் தாதிப் பயிற்சியில் இருந்தேன். ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த பெண் தொப்பியும் வெள்ளை உடுப்புமாக ஆஸ்பத்திரியில் நிற்பது எங்கள் வீட்டுக்குப் பெரிய பெருமை. அந்தப் பெருமையோடு சேர்ந்து வந்த பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. வார்டில் பார்க்கப் பழகிய கண்ணை வாசலிலேயே விட்டுவிட்டு வர முடியவில்லை. ரொட்டி தட்டிப் போடுகிறவரின் நகம் நீலம் பூத்திருப்பது தெரிந்தது. சினிமா கொட்டகையில் பின்வரிசை இருமல் எந்த மாதிரி இருமல் என்று யோசித்தே படம் முடிந்துவிடும். கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் பெண்ணின் காது மடல் வெளுத்திருக்கும். முன்பெல்லாம் ஒருவரைப் பார்த்தால் அவர் எரிச்சலானவரா, சிரித்த முகமா என்றுதான் தோன்றும். இப்போது அவர் எந்த வார்டுக்கு வருவார் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்தால் அது இன்னும் மோசம். ஒரு மத்தியானம் அப்பா நாற்காலியில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு ஏறி, இறங்கி, ஒரு இடத்தில் நின்றது. அந்த வாரம்தான் வார்டில் ஒருவர் அப்படி மூச்சு நின்று நின்று போய்ச் சேர்ந்திருந்தார். நான் ஓடிப்போய் அவரைப் பிடித்து உலுக்கினேன். அப்பா அலறி எழுந்து, நாற்காலியோடு சரிந்து, "ஏண்டி, மனுசன் பால்மரம் வெட்டிட்டு வந்து செத்த நேரம் கண்ண மூட உடமாட்டியா?" என்று கத்தினார்.

அடுத்த வீட்டு அக்கா விஷயம்தான் பெரிதாகப் போய்விட்டது. அவர் கழுத்தில், தாடைக்குக் கீழே, ஒரு கட்டி இருந்தது. பால் வாளி கழுவிக்கொண்டிருந்தவரிடம் நான் அதைத் தொட்டுப் பார்த்து, "டாக்டர்ட்ட காட்டுங்கக்கா, உடனே காட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வார்த்தையைவிட என் முகம்தான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். புற்றுநோய் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, சாப்பிடாமல், பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே கிடந்தார். காம்பார் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சொத்தைப் பல்லால் வந்த நெறி என்று சொல்லி, பல்லைப் பிடுங்கி அனுப்பினார்கள். லயமே சிரித்தது. அம்மாவுக்கு மானம் போய்விட்டது.

"இனிமே வீட்டுக்கு வந்தா உன் ஆஸ்பத்திரி கண்ண மூடிக்க," என்றார் அம்மா. "நீ பாக்குற பார்வைக்கே ஆளுங்க பயப்படுறாங்க."

நானும் மூடிக்கொள்ளத்தான் பார்த்தேன்.

மூன்றாம் வருடம் என்னைப் பிரசவ வார்டில் போட்டார்கள். வார்டின் கோடியில் ஒரு அறையில் எப்போதும் திரை இழுத்து இருட்டாக இருக்கும். உள்ளே ஒரு கட்டில், இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. வெளிச்சமும் சத்தமும் ஆகாது என்பதால் செருப்பைக்கூட ஓசைப்படாமல் வைத்து நடக்கச் சொல்வார்கள். கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வரக்கூடிய பெண்களை அங்கே வைப்பார்கள். நான் இருந்த காலத்தில் தெமோ பக்கத்திலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். என் வயதுதான் இருக்கும். முகம் ஊதி, கண் இடுங்கி, "தலை வலிக்குது" என்று அவள் மொழியில் முனகிக்கொண்டே வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை விறைத்தது. அவள் பிழைக்கவில்லை. பிள்ளையும் பிழைக்கவில்லை. அவள் புருஷன் வெளியே பெஞ்சில் அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் கூடப்பிறந்த அக்காவின் வளைகாப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

அக்கா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். அவள் சிரித்தால் லயத்தின் கடைசி வீட்டுக்குக் கேட்கும். ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிள்ளை. வளையல் வாங்கிவரும் பொறுப்பு என்னுடையது. ஈப்போ கடையில் கண்ணாடி வளையல்களை என் கையிலேயே போட்டுப் பார்த்து வாங்கினேன். சின்ன வயதிலிருந்து அவள் வளையலை நானும் என் வளையலை அவளும் போட்டுத் திரிந்தவர்கள். அளவு கேட்க வேண்டிய தேவையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாமாவின் தோட்டத்து வீட்டின் முன்னால் தகரக் கூடாரம் போட்டு, பாய் விரித்து, கலவை சாதமெல்லாம் கிண்டி வைத்திருந்தார்கள். அக்காவைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் அவளைப் பார்த்து நாலு மாதம் ஆகியிருந்தது. கன்னமும் கண்ணிமையும் உப்பி, மூக்கு அகன்று, வேறு யாரோ போல இருந்தாள். சுற்றியிருந்தவர்கள், "முகத்துல என்னா களை வந்துருச்சு பாத்தியா" என்றார்கள்.

முதல் வளையலை அத்தை போட வந்தார். அத்தை என்றால் அக்காவின் மாமியார். வளையல் விரல் கணுவைத் தாண்டவில்லை. அடுத்ததும் ஏறவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னாடி, அளவு பாக்காம வாங்கிட்டு வந்துட்டியா?" என்றார் அம்மா.

"கை நல்லா பூரிச்சிருக்குலா, அதான்," என்று அத்தை சிரித்தார். "புள்ளத்தாச்சி உடம்பு அப்பிடித்தான். யாராச்சும் சவுக்காரம் எடுத்தாங்க."

சவுக்கார நுரை போட்டு, கையைப் பிசைந்து, இழுத்து, ஒருவழியாக நாலைந்து வளையல்களை ஏற்றினார்கள். ஏறின வளையல் மணிக்கட்டில் ஆடாமல் சதையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கல்யாண மோதிரம் விரலுக்குள் புதைந்து, இரண்டு பக்கமும் சதை மேடிட்டிருந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

அவளுடைய கொலுசைச் சரிசெய்வதுபோல் நான் குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் விரலை அழுத்தினேன். எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது.

"தலை வலிக்குதாக்கா?"

"நேத்துலேருந்து பொளக்குது. இப்ப பேசாத."

"கண்ணு?"

"என்னமோ மின்னி மின்னி போவுது. சாம்பிராணி பொகையா இருக்கும்."

சாம்பிராணி இன்னும் போடவே இல்லை.

நான் எழுந்து நின்றேன். அந்த இருட்டறையும், கம்பித் தடுப்பும், மடியில் செருப்போடு உட்கார்ந்திருந்தவரும் கண்முன் வந்தார்கள். கூடவே சொத்தைப் பல் அக்காவும் வந்தார். இதுவும் வெறும் வீக்கமாக இருந்துவிட்டால்? கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது வழக்கம்தானே? பிரஷர் பார்க்கும் கருவி என்னிடம் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரி ஞாயிற்றுக்கிழமை பூட்டு. கூடாரம் நிறைய ஜனம். வாய் திறந்து 'ஆஸ்பத்திரி' என்று சொன்னால், நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசியவள் என்ற பேர் அம்மாவுக்குத்தான் வரும்.

கையில் இருக்கும் சவுக்காரத்தைக் கழுவிவிட்டு வருகிறோம் என்று சொல்லி அக்காவைப் பின்பக்கம் கூட்டிப்போனேன். ஒரு பால் டின்னை அவளிடம் நீட்டி, அதில் ஒன்றுக்கு இருக்கச் சொன்னேன்.

"பைத்தியமாடி உனக்கு?"

"எனக்காகக்கா."

மற்ற நாளாக இருந்தால் தலையில் குட்டியிருப்பாள். அன்று சண்டை போடத் தெம்பில்லாமல் டின்னை வாங்கிக்கொண்டாள். அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவளை உள்ளறையில் படுக்க வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

அந்த நாளில் வார்டில் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி நெருப்பில் காட்டிப் பார்ப்போம். ஒழுங்காக இருந்தால் தெளிவாக நிற்கும். உப்பு ஏதாவது கலந்திருந்தால் கலங்கும். ஒரு சொட்டு காடி, அதாவது வினிகர், விட்டால் அந்தக் கலங்கல் தெளிந்துவிடும். தெளியாமல் கெட்டியானால் சிறுநீரில் புரதம் போகிறது என்று அர்த்தம். அது நல்லதல்ல. அங்கே குழாய்க்கு எங்கே போவது? சுவரில் மாட்டியிருந்த எவர்சில்வர் கரண்டியை எடுத்தேன். அதில் கொஞ்சம் ஊற்றி மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் பிடித்தேன். அவசரத்தில் பாதி நெருப்பில் சிந்தியது. ஓரத்தில் குமிழ் கட்டியது. நடுவில் வெள்ளையாக ஒரு மேகம் எழுந்தது. பச்சைமிளகாய் ஊறப்போட்டிருந்த பாட்டிலிலிருந்து காடியைச் சொட்டு விட்டேன். தெளிந்துவிட வேண்டும், தெளிந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். முட்டை வெள்ளைக்கரு வேகிறமாதிரி அது திரண்டு கெட்டியானது.

"என்னாம்மா அது கரண்டில?"

பின்வாசலில் மாமா நின்றிருந்தார். அக்காவைத் தேடி வந்திருக்கிறார். நான் மறைக்கவில்லை. அது என்ன, எதற்காக இப்படித் திரண்டது, அக்காவுக்கு எந்த நேரமும் வலிப்பு வரலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில தேத்தண்ணி கிளாஸ கீழ போட்டுட்டா," என்றார் மெதுவாக. "கிளாஸ் ரெண்டா தெரிஞ்சதுன்னா. நான் சிரிச்சேன்." பிறகு, "எவ்ளோ பயப்படணும்மா?" என்று கேட்டார்.

"நெறைய, மாமா. இப்பவே கொண்டுபோவணும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேன் கேட்கத் தோட்டத்து முனையில் இருந்த சீனர் கடையைப் பார்த்து ஓடினார்.

அதற்குள் அத்தை வந்துவிட்டார், அவருக்குப் பின்னால் அம்மா. என் வீட்டுக் கரண்டியிலா என்று அத்தை கத்தியது கூடாரம் முழுக்கக் கேட்டது. "ஆரத்தி கூட எடுக்கல. நல்ல நாளும் அதுவுமா புள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்கு இழுக்குறியே, நீ என்னா பொண்ணு?"

அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "அன்னிக்கி மாதிரி ஆயிடப் போவுதுடி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினார்.

"ஆவட்டும்மா. பல்லுவலியா இருந்தா நல்லதுதானே? எல்லாரும் சிரிக்கட்டும்."

வேன் வந்து நின்றது. கடை முதலாளியான சீனத் தவுக்கே அரைக்கால் சட்டையோடு அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் இருந்த கருவாட்டுக் கூடைகளை இறக்கிப் போட்டுவிட்டு அக்காவைப் படுக்க வைத்தோம். வளையல்களைக் கழற்றிவிடலாம் என்று அவள் கையை எடுத்தேன். வலிப்பு வந்தால் கண்ணாடி உடையும். அத்தை என் கையைத் தட்டிவிட்டார். "இன்னிக்கிப் போட்டத இன்னிக்கே கழட்டுறதா? கூடாது." நான் வற்புறுத்தவில்லை. அவரும் வேனில் ஏறினார். மாமா முன்னால் உட்கார்ந்தார். ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மாவை விட்டுவிட்டு வேன் கிளம்பியது.

"ச்செப்பாட், தவுக்கே, ச்செப்பாட்," என்று மாமா மலாயில் அவசரப்படுத்திக்கொண்டே வந்தார். தவுக்கேயும் வேகமாகத்தான் ஓட்டினார். இரண்டு பக்கமும் செம்பனை வரிசை. வெயிலும் நிழலும் அக்காவின் முகத்தில் மாறி மாறி அடித்தன. அந்த வெளிச்சம் ஆகாது என்று நான் என் முந்தானையால் அவள் கண்ணை மூடினேன். "நெஞ்சுக் குழியில வலிக்குதுடி," என்றாள். அப்புறம் என் பெயரை ஏதோ கேள்வி கேட்கிறமாதிரி சொன்னாள். பதில் சொல்வதற்குள் அவள் தாடை ஒரு பக்கமாக இழுத்தது.

நான் பயிற்சியில் படித்தது அத்தனையும் என் தலையிலிருந்து போய்விட்டது. என் கை மட்டும் தானாக வேலை செய்தது. அவளை இடதுபக்கமாகப் புரட்டி, முதுகுக்கு என் முழங்காலை அணை கொடுத்து, வாயிலிருந்து வந்த நுரை வெளியே வழிய முகத்தைச் சாய்த்துப் பிடித்தேன். அத்தை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அக்காவின் கையில் திணித்தார். அதை நான் தடுக்கவில்லை. வாயில் எதையோ வைக்க வந்தபோதுதான், "வாயில ஒண்ணும் வெக்காதீங்கத்தே!" என்று கத்தினேன். அக்காவின் கைகள் வேனின் தகரத்தில் அடித்தன. வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. அந்தச் சத்தம் கேட்டு மாமா திரும்பிப் பார்த்து, முகத்தை மூடிக்கொண்டார்.

உடைந்த கண்ணாடி மணிக்கட்டைக் கிழித்து இரத்தம் வந்தது. அத்தை ஒரு நொடி அதைப் பார்த்தார். பிறகு கட்டியிருந்த பட்டுச் சேலையின் தலைப்பைப் பல்லால் கிழித்து அந்தக் கையைச் சுற்றிக் கட்டினார். கட்டிவிட்டு என்னைப் பார்த்து, "இன்னும் என்னா செய்யணும், சொல்லு, செய்றேன்," என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

டவுனில் இருந்த சிறிய ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்க்கார மிட்வைஃப் பணியில் இருந்தார். பிரஷர் பார்த்தார். எவ்வளவு என்று வாயால் சொல்லாமல் கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஊசி போட்டு, உடனே ஈப்போவுக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வழியில் அவளுக்கு இன்னொரு முறை வலிப்பு வந்தது. அன்று சாயங்காலம் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடும்போல இருந்தது. உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

அக்காவை அந்த இருட்டறையில்தான் போட்டார்கள். மறுநாள் காலையில் அவளுக்கு நினைவு வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏண்டி வெளக்கு போடல?" என்று கேட்டாள்.

திரை இழுத்திருப்பதால் கேட்கிறாள் என்று நினைத்தேன். எழுந்துபோய்த் திரையை ஒரு சாண் விலக்கினேன். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. அவள் கண் கூசவில்லை. இமைகூட அசையவில்லை.

"வெளக்க போடேண்டி," என்றாள் மறுபடியும்.

என் வாழ்க்கையில் அதைவிடப் பயந்த நேரம் கிடையாது. இந்த நோயில் சிலருக்குப் பார்வை போய்த் திரும்பும் என்று டாக்டர் சொன்னார். திரும்பும் என்று அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. நான் அக்காவிடம், "டாக்டர்தான் இருட்டா வெக்கச் சொன்னாரு," என்று சொன்னேன். அவள் நம்பினாளா, நம்புகிறமாதிரி இருந்தாளா என்று தெரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பிள்ளை யார் மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். மாமா மாதிரி என்றேன். உண்மையில் அந்தப் பிள்ளை அப்போது யார் மாதிரியும் இல்லை.

பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. முதலில் ஜன்னல் பக்கம் வெள்ளையாகத் தெரிகிறது என்றாள். பிறகு யாரோ நடக்கிறார்கள் என்றாள். ஒரு நாள் நான் உள்ளே வந்ததும், "உன் தொப்பி கோணலா இருக்குடி," என்றாள். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிள்ளையும் பெட்டிக்குள்ளேயே எடை ஏறி, ஒருநாள் வெளியே வந்தது.

அத்தை அந்தக் கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டார். ஆனால் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். அது எங்கள் லயத்துக்கும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு நான் வீட்டுக்குப் போனால் வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள். நாக்கை நீட்டுவார்கள், கண்ணைக் கீழே இழுத்துக் காட்டுவார்கள், காலை நீட்டி அழுத்திப் பார்க்கச் சொல்வார்கள். அம்மாவே கூட்டிக்கொண்டு வருவார். சொத்தைப் பல் அக்காகூட வந்தார். முன்பு ஒருவரைப் பயமுறுத்திவிடுவோமோ என்று பயந்தேன். இப்போது, நான் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னவருக்கு நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அது முன்னதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

அக்கா அதற்குப் பிறகு பிள்ளை பெறவில்லை. அவள் வீட்டுக்குப் போனால் நான் அறியாமலே அவள் முகத்தையும் கையையும் பார்ப்பேன். அவளுக்கு அது தெரிந்துவிடும். கையைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள். "பாக்காதடி. இன்னிக்கி சும்மா தங்கச்சியா உக்காரு," என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஆனால் கையை வெளியே எடுக்கமாட்டாள்.

எண்பதுகளில், நான் கல்யாணமாகி ஈப்போவிலேயே வேலையில் இருந்தபோது, ஒரு மத்தியானம் பஸ் நிலையத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைப் பார்த்தேன். அப்பாவோடு ஹுத்தான் மெலிந்தாங் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். சீருடை தோளில் தொங்கியது. கரும்புச்சாறு ஒன்று குடித்து முடித்து, இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். பக்கத்தில் போனபோது அவள் மூச்சில் பழுத்து அழுகின அன்னாசி வாசனை அடித்தது.

நான் அவள் அப்பாவிடம், "அண்ணே, கோவிச்சிக்காதீங்க. நான் ஆஸ்பத்திரில வேல செய்றேன். புள்ளைக்கு ரத்தத்துல சீனி பாத்துருங்க. இன்னிக்கே பாருங்க. ஆஸ்பத்திரி பக்கத்துலதான், நானே கூட வாரேன்," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பரீட்சைக்கு படிக்குதும்மா, அதான் எளச்சிருக்கு," என்றார். நான் விடாமல் இன்னொரு முறை சொன்னேன். அந்தப் பெண் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பஸ் வந்தது. அவர், "ஊர்ல கிளினிக் இருக்கு, நாளைக்கு போய்க்கிறோம்," என்று சொல்லி அவள் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவளிடம், "தண்ணி தாகம் நிக்கலன்னா இன்னிக்கே போ, நாளைக்கு வேணாம்," என்று நான் கீழேயிருந்து கத்தினேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள். மரியாதைக்கு ஆட்டினாளா, புரிந்து ஆட்டினாளா தெரியாது.

அவர்கள் கிளினிக்குக்குப் போனார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.